பாலாற்றங்கரைக்கு ஓர் உள்ளரங்கம்: தோல், காலணித் தொழில் நடத்துவோருக்குத் திறந்த மடல்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, வேலூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டை வட்டாரங்களில் தோல் ஷாப்பும் ஷூ கம்பெனியும் நடத்திவரும் பெரியோர்களுக்கு,



கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் வட்டாரத்தில் உள்ளரங்க ஹாக்கி ஆட நல்ல அரங்கம் ஒன்று வேண்டும். அதில் ஆண்டு முழுக்கப் பயிற்சி எடுக்கும் கிளப் ஒன்று வேண்டும். பிள்ளைகள் ஆட்டம் பழகிய பிறகு, வெளிநாட்டு கிளப் அணிகளை வரவழைத்து மூன்று நாள் போட்டி நடத்த வேண்டும். இதைச் செய்து முடிக்கும் வசதியும், சேர்ந்து பொதுக்காரியம் செய்து பழகிய கையும் உங்களிடம் இருக்கின்றன. அதனால்தான் அரசுக்கு மனு எழுதாமல் உங்களுக்கு மடல் எழுதுகிறேன்.

ஹாக்கி என்றதும் பெரிய மைதானமும் பதினொரு பேரும்தான் நம் நினைவுக்கு வரும். நான் கேட்பது அதன் தம்பி ஆட்டம். 1950களில் ஜெர்மனியில் வளர்ந்தது. அங்கே குளிர்காலத்தில் மைதானம் பனியில் உறைந்து கிடக்கும். ஆட்டக்காரர்கள் மட்டையைப் பரணில் போட்டுவிட்டு மூன்று மாதம் சும்மா இருக்க விரும்பவில்லை. ஊரில் இருந்த உடற்பயிற்சிக் கூடங்களுக்குள் நுழைந்தார்கள். தரைக்கும் சுவருக்கும் ஏற்றபடி விதிகளை மாற்றினார்கள். இன்று ஜெர்மனியில் நவம்பர், டிசம்பர் வந்தால் வெளிமைதான லீக் நின்றுவிடும். பிப்ரவரி வரை உள்ளரங்க லீக்தான். ஆறு வயதுக் குழந்தை முதல் ஒலிம்பிக் வீரர் வரை எல்லோரும் கூரைக்கு அடியில்தான் ஆடுகிறார்கள்.

அந்த லீக்கை வென்ற கிளப், அடுத்து ஐரோப்பாவின் மற்ற நாட்டு சாம்பியன் கிளப்புகளைச் சந்திக்கும். ஆண்களுக்கான ஐரோப்பிய உள்ளரங்க கிளப் கோப்பை 1990 முதல் நடந்துவருகிறது. வழக்கமாகப் பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிடும். ஓர் ஊர், ஓர் அரங்கம், விரல்விட்டு எண்ணக்கூடிய அணிகள், நாளுக்கு இரண்டு ஆட்டம் என்று மூன்றே நாளில் முடிவு தெரிந்துவிடும். அதற்குக் கீழே இரண்டாம் நிலை, மூன்றாம் நிலைக் கோப்பைகள் உண்டு. மேலே தோற்றவர் கீழே இறங்குவார். கீழே வென்றவர் மேலே ஏறுவார். கொலோன் நகரத்தின் ரோட்-வைஸ் கொலோன் இந்தக் கோப்பையைப் பலமுறை தூக்கிய கிளப். வியன்னாவின் அர்மினென், இங்கிலாந்தின் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் போன்ற பெயர்களும் இந்த வட்டத்தில் அடிக்கடி அடிபடுபவை.

ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்ற பெயரை இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் தெற்கில் உள்ள சின்ன ஊர் அது. மக்கள்தொகையில் நம் ஆம்பூரின் பாதிகூட வராது. அந்த ஊர் கிளப் இங்கிலாந்தின் உள்ளரங்க ஹாக்கியில் ஆண்டுக்கணக்கில் கொடிகட்டிப் பறந்து, ஐரோப்பிய அரங்குவரை போனது. பெரிய நகரமோ அரசுத் துறையோ பின்னால் நிற்கவில்லை. சந்தா கட்டும் உறுப்பினர்கள், மாலையில் வந்து பயிற்சி கொடுக்கும் மூத்த ஆட்டக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோர்கள், உள்ளூர் வியாபாரிகள் ஆகியோர் சேர்ந்து தாங்குவதுதான் அங்கே கிளப்.

நம் நாட்டு ஹாக்கி வேறு வழியில் வளர்ந்தது. ரயில்வே, வங்கி, வரித்துறை, எண்ணெய் நிறுவனம், ராணுவம் என்று வேலை கொடுத்த இடங்களே அணிகளையும் வைத்திருந்தன. சென்னையில் ஐ.சி.எஃப், இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி அணிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்த ஏற்பாடு எத்தனையோ ஏழைக் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. அதை மறக்கக் கூடாது. ஆனால் துறை அணி இருக்கும் நகரத்துக்குத்தான் ஆட்டம் போகும். துறை இல்லாத ஊர்ப் பையன் பள்ளி முடித்ததும் மட்டையைக் கீழே வைத்துவிடுவான். வேலூருக்கும் ஆம்பூருக்கும் நேர்ந்தது இதுதான். பள்ளி அணியில் நன்றாக ஆடிய பையன் பிளஸ் டூ முடித்த மறு மாதம் கட்டிங் செக்‌ஷனிலோ டெலிவரி வண்டியிலோ ஏறிவிடுகிறான். அதற்குப் பிறகு அவன் ஆட இடமும் இல்லை. கூப்பிட ஆளும் இல்லை.

இனி ஆட்டத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். நீங்கள் எதற்குச் செலவு செய்யப்போகிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

களத்தில் ஒரு பக்கத்துக்கு ஆறு பேர், கோல்கீப்பரையும் சேர்த்து. பன்னிரண்டு பேர் கொண்ட அணி போதும். ஆட்டம் நடக்கும்போதே ஆள் மாற்றிக்கொள்ளலாம். பத்து நிமிடம் வீதம் நான்கு பகுதி, மொத்தம் 40 நிமிடம். களத்தின் நீளம் 36 முதல் 44 மீட்டர். அகலம் 18 முதல் 22 மீட்டர். கோல் கம்பம் 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். கோலைச் சுற்றி 9 மீட்டர் ஆரத்தில் வளையம். வளையத்துக்குள் இருந்து அடித்தால்தான் கோல் கணக்கில் வரும்.

மட்டையை ஓங்கிப் பந்தை அடிக்கவே கூடாது என்பதுதான் இந்த ஆட்டத்தின் உயிர். தள்ளலாம், சுண்டிவிடலாம், திசை திருப்பலாம். கோலை நோக்கிச் சுண்டும்போது தவிர வேறெப்போதும் பந்து தரையை விட்டு எழும்பக் கூடாது. அதனால் முரட்டுப் பலத்துக்கு இங்கே மதிப்புக் குறைவு. மணிக்கட்டும் கண்ணும் முன்யோசனையும் உள்ளவன்தான் ராஜா. பக்கவாட்டில் இரண்டு கோடுகள் நெடுக மரக்கட்டைகளை வைத்திருப்பார்கள். பத்து சென்டிமீட்டர் உயரம், பத்து சென்டிமீட்டர் கனம். களத்தின் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். பந்து அதில் பட்டுத் திரும்பும். எதிராளி முன்னால் வந்து மறித்து நிற்கிறான் என்று வையுங்கள். பந்தைக் கட்டையில் ஒரு கோணத்தில் தள்ளிவிட்டு, அவனுக்கு மறுபக்கமாக ஓடி, திரும்பி வரும் பந்தைத் தானே வாங்கிக்கொள்ளலாம். தனக்குத் தானே பாஸ் கொடுத்துக்கொள்ளும் இந்தக் கோணக் கணக்கைக் கேரம் ஆடிப் பழகிய நம் பிள்ளைகள் ஒரே வாரத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

பந்து வெளியே போய் நேரம் வீணாவது மிகக் குறைவு. பார்க்கிறவர் கண்ணுக்கு எட்டாத மூலை என்று ஒன்று கிடையாது. ஒவ்வொருவரும் நிமிடத்துக்கு நிமிடம் பந்தைத் தொடுகிறார்கள். பெரிய மைதானத்தில் ஓர் ஆட்டம் முழுக்க இருபது தடவை பந்தைத் தொடும் சிறுவன், இங்கே அதைப்போலப் பல மடங்கு தொடுவான். நெருக்கடியில் பந்தை வாங்குவது, நிமிர்ந்து பார்ப்பது, விடுவது என்ற மூன்றும் கையில் ஊறிப்போகும். ஜெர்மன் வீரர்களின் பந்துக் கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர்களுடைய குளிர்கால ஆட்டத்தைப் பற்றியும் பயிற்சியாளர்கள் பேசுவது இதனால்தான். 2025 பிப்ரவரியில் குரோவேஷியாவின் போரெச்சில் நடந்த ஆண்கள் உள்ளரங்க உலகக் கோப்பையை ஜெர்மனி வென்றது. அதே ஆண்டு டிசம்பர் 10 அன்று சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கத்தில் ஜூனியர் உலகக் கோப்பையையும் ஜெர்மனியே வென்றது. சின்னக் களத்தில் கற்றது பெரிய களத்தில் கைகொடுக்கிறது.

சின்ன நாட்டுக்கும் இந்த ஆட்டத்தில் இடம் உண்டு. வெளிமைதான ஹாக்கியில் முன்வரிசைக்கு வராத ஆஸ்திரியா, 2018இல் பெர்லினிலும் 2023இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவிலும் ஆண்கள் உள்ளரங்க உலகக் கோப்பையை வென்றது. ஆசியாவில் இந்தியா, பாகிஸ்தான், கொரியா பெயர்களையே கேட்டுப் பழகிய நமக்கு, உள்ளரங்கத்தில் ஆசியக் கோப்பையைப் பலமுறை வென்றது ஈரான் என்பது வியப்பாக இருக்கும். மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, கஜகஸ்தான் எல்லாம் ஆடுகின்றன. தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டிகளிலும் உள்ளரங்க ஹாக்கி இடம்பெற்றிருக்கிறது. எட்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கிய இந்தியா மட்டும் இந்தப் பக்கம் அக்கறையாகத் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்படித் திரும்பிப் பார்க்காமல் இருந்ததற்கு முன்பே ஒருமுறை விலை கொடுத்திருக்கிறோம். 1975இல் கோலாலம்பூரில் உலகக் கோப்பையை வென்றோம். அடுத்த ஆண்டே மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் ஹாக்கி செயற்கைத் தரைக்கு மாறியது. நாம் ஏழாவது இடத்துக்குப் போனோம். மற்ற நாடுகள் ஊருக்கு ஊர் செயற்கைத் தரை போட்டபோது நம் பிள்ளைகள் மண்ணிலேயே பழகினார்கள். அந்த இடைவெளியை அடைக்கப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

செயற்கைத் தரை நம் பாலாற்றங்கரைக்குப் பொருந்துமா என்று கேட்டால், அது எளிதில்லை என்பதே என் பதில். சர்வதேசத் தரத்திலான ஹாக்கித் தரை தண்ணீர் குடிக்கும் தரை. ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும், இடைவேளையிலும் பீய்ச்சியடித்து நனைக்க வேண்டும். இல்லாவிட்டால் பந்து துள்ளும். விழுந்தவன் முழங்கால் உரியும். ஆற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணல் மட்டும் தெரியும் ஊரில், கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாத கிராமங்களுக்கு நடுவில், ஆயிரம் ஆயிரம் லிட்டரை விளையாட்டுத் தரையில் ஊற்றுவதற்கு யாருக்கும் மனம் வராது. வரவும் கூடாது.

உள்ளரங்கத் தரைக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் தேவையில்லை. வெளிமைதானம் 91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். உள்ளரங்கக் களம் ஆகப் பெரியதாக எடுத்தாலும் அதன் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குதான். மே மாதத்தில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது பகலில் பிள்ளைகளை வெளியே ஓடவிட முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் பள்ளி மைதானம் சேறாகிவிடும். கூரை இருந்தால் இந்த இரண்டு காலமும் மிச்சம். ஷிப்ட் முடிந்து இரவு எட்டு மணிக்கு வருகிறவனும் விளக்கைப் போட்டு ஆடலாம். தண்ணீர் கேட்காத, இடம் அதிகம் கேட்காத, வெயிலுக்கும் மழைக்கும் அஞ்சாத ஹாக்கி ஒன்று இருக்கிறது. அது நமக்காகவே அளவெடுத்துத் தைத்த சட்டைபோல இருக்கிறது. நான் சொல்ல வந்ததன் சாரம் இவ்வளவுதான்.

அரங்கம் கட்டும்வரை காத்திருக்கவும் வேண்டாம். நம் பள்ளி, கல்லூரிகளில் ஹேண்ட்பால் ஆடும் வழக்கம் உண்டு. ஹேண்ட்பால் களம் 40 மீட்டருக்கு 20 மீட்டர். உள்ளரங்க ஹாக்கிக்குச் சரியான அளவு. கோல் கம்பமும் அதே 3 மீட்டர், 2 மீட்டர். ஐரோப்பாவில் பெரும்பாலான ஊர்களில் ஹேண்ட்பால் கூடத்தில்தான் ஹாக்கியும் நடக்கிறது. வழவழப்பான தரையில் அந்தக் களம் இருக்கும் இடத்தில், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 80 மீட்டர் மரக்கட்டை வைத்தால் ஆட்டத்தைத் தொடங்கிவிடலாம். அந்தக் கட்டையை இழைத்துக் கொடுக்க நம் ஊர் ஆசாரிக்கு ஒரு வாரம் போதும்.

சின்னக் கூடத்தில் இருந்து பெரிய வெற்றி வரும் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டாம். வேலூர் சத்துவாச்சாரியைப் பாருங்கள். பளு தூக்குவதற்கு என்ன வேண்டும்? ஒரு மேடை, ஒரு கம்பி, இரும்புத் தட்டுகள், விடாமல் பார்த்துக்கொள்ளும் பயிற்சியாளர். அந்த மண்ணில் இருந்துதான் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ, 2018 கோல்டுகோஸ்ட் என்று இரண்டு காமன்வெல்த் விளையாட்டுகளில் அடுத்தடுத்துத் தங்கம் வாங்கினார். அவருக்கு முன்னும் பின்னும் எத்தனையோ பிள்ளைகள் அங்கே பழகி மேலே வந்தார்கள். ஓர் ஊரில் ஓர் ஆட்டம் வேர்பிடித்துவிட்டால், அண்ணனைப் பார்த்துத் தம்பி வருவான். பிறகு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தொழில் ஊர் ஹாக்கி ஊராக மாறிய கதையும் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பெயர்போன கோவில்பட்டியில், லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டியை உள்ளூர்த் தொழில் குடும்பத்தின் அறக்கட்டளை நடத்திவருகிறது. நாட்டின் பெரிய அணிகள் அந்தக் கரிசல் ஊருக்கு வந்து ஆடின. வேலியோரம் நின்று பார்த்த பிள்ளைகள் மட்டையைக் கையில் எடுத்தார்கள். அந்த ஊர்ப் பையன் மாரீஸ்வரனும் அரியலூர்ப் பையன் கார்த்தியும் 2022இல் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் இந்தியச் சட்டை அணிந்தார்கள். சென்னையில் முருகப்பா தங்கக் கோப்பைக்குப் பின்னாலும் ஒரு தொழில் குழுமம்தான் நிற்கிறது. 2023இல் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை சென்னையில் நடந்தது. இறுதியாட்டத்தில் மலேசியாவை 4-3 என்று இந்தியா வென்றபோது எழும்பூர் அரங்கம் நிரம்பி வழிந்தது. 2025 ஜூனியர் உலகக் கோப்பைக்கு 24 நாடுகள் சென்னைக்கும் மதுரைக்கும் வந்தன. இந்தியா வெண்கலம் வென்றது. தமிழ்நாட்டு ஹாக்கிக்கு இது நல்ல காலம். சென்னையில் இருந்து நெடுஞ்சாலையில் நான்கு மணி நேரத்துக்குள் இருக்கும் நாம் இந்த நல்ல காலத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

உங்கள் முன்னோர்கள் வேடிக்கை பார்த்தவர்கள் அல்லர். வாணியம்பாடியில் இஸ்லாமியா கல்லூரி 1919இலேயே எழுந்தது. மேல்விஷாரத்துத் தோல் வணிகர் சி. அப்துல் ஹக்கீம், சென்னை சென்ட்ரல் எதிரே பயணிகளுக்காகச் சித்தீக் சராய் கட்டிக்கொடுத்தவர். அவர் பெயரில் மேல்விஷாரத்தில் 1965 முதல் கல்லூரி நடக்கிறது. ஆம்பூரில் மஜ்ஹருல் உலூம் கல்லூரி 1969இல் வந்தது. ஊரில் கல்லூரி இல்லை என்ற குறை தெரிந்ததும் பத்துக் குடும்பங்கள் உட்கார்ந்து பேசி, சங்கம் அமைத்து, நிலம் கொடுத்து, கட்டி முடித்தார்கள். கம்பெனிக்குக் கம்பெனி போட்டி இருந்தாலும் கல்லூரிக்கு ஒன்றாக நின்றார்கள். அந்தக் கூட்டு வழக்கத்தைத்தான் இந்த அரங்கத்துக்கும் கேட்கிறேன்.

உங்களுக்கும் இந்த ஆட்டத்துக்கும் இன்னொரு நெருக்கம் இருக்கிறது. ஆம்பூரில் தைத்த ஷூ அதிகம் போகும் நாடுகளில் ஜெர்மனியும் ஒன்று. துத்திப்பட்டிலும் பெரியவரிகத்திலும் நம் பெண்கள் அப்பர் தைக்கிறார்கள். கொலோனிலும் ஹாம்பர்க்கிலும் மனிதர்கள் அதை மாட்டிக்கொண்டு நடக்கிறார்கள். உங்களில் பலர் அங்கே கண்காட்சிக்குப் போய் வருகிறீர்கள். பையர்கள் இங்கே வருகிறார்கள். அந்த நாட்டில் மாலை நேரத்தில் கிளப் எப்படி நடக்கிறது என்பதை நேரில் பார்க்க உங்களைவிட வாய்ப்புள்ளவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. அடுத்த முறை போகும்போது மட்டை பிடித்த பிள்ளைகள் நிரம்பிய கூடம் ஒன்றில் அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு வாருங்கள். நான் ஒரு மடல் முழுக்கச் சொல்வதை அந்த அரை மணி சொல்லிவிடும்.

தொழில் திரும்பும் திசையும் இதற்குச் சாதகம். 2022இல் தமிழ்நாடு அரசு காலணிக்கும் தோல் பொருளுக்கும் தனிக் கொள்கை வெளியிட்டது. தோல் அல்லாத விளையாட்டுக் காலணிக்குப் பெரிய தொழிற்சாலைகள் வருகின்றன. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்திலும் அப்படி ஒன்றுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. உள்ளரங்க ஆட்டத்துக்குத் தரையில் கோடு விழாத ரப்பர் சோல் வேண்டும். சட்டென்று நின்று பக்கவாட்டில் திரும்பும்போது கணுக்கால் புரளாத பிடிப்பு வேண்டும். முன்காலை இழுத்துத் தாழ்ந்து ஆடும்போது விரல் பக்கம் சீக்கிரம் தேயும்; அங்கே கூடுதல் வலு வேண்டும். இதையெல்லாம் ஆடிப் பார்த்துச் சொல்ல உள்ளூரிலேயே ஆட்டக்காரர்கள் இருந்தால் உங்கள் சாம்பிள் ரூமுக்கு எவ்வளவு பயன் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கையுறை தைப்பதிலும் ராணிப்பேட்டைக்குப் பழைய பெயர் உண்டு. உள்ளரங்க ஹாக்கியில் தரையோடு உரசும் கைக்குக் கையுறை மிகவும் வேண்டியது.

இந்த இடத்தில் ஒரு கடினமான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். 1996 ஆகஸ்ட் 28 அன்று, தோல் ஷாப்புக் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை நம் பாலாற்றை முன்வைத்துத்தான் நாட்டுக்கே சொன்னது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் செத்தார்கள். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் இதே மண்ணின் வழக்கில், பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடும் நிலத்துக்குச் சீரமைப்பும் உறுதியாக வேண்டும் என்று ஆணையிட்டது. நான் கேட்கும் அரங்கம் இந்தக் கடனில் ஒரு பைசாவையும் கழிக்காது. கழிப்பதாக யாரும் சொல்லவும் கூடாது. விவசாயிக்குக் கொடுக்க வேண்டியதை விவசாயிக்குக் கொடுங்கள். சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செய்ய வேண்டியதை அங்கே செய்யுங்கள். அது நீதி. அதற்கு மேல் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நீங்கள் மனமுவந்து செய்வதாக இது இருக்கட்டும். அப்படிச் செய்தால்தான் அரங்கத்தின் வாசலில் ஊர்க்காரர்கள் தலைநிமிர்ந்து நுழைவார்கள்.

இது ஹாக்கிக்கான நேரமா என்று உங்களில் சிலர் கேட்கலாம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஆர்டர்கள் ஆடிப்போனதை நானும் அறிவேன். அதனால்தான் எந்த ஒரு கம்பெனியிடமும் இந்தப் பாரத்தை முழுதாகச் சுமக்கச் சொல்லவில்லை. நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொடும் கம்பெனிகள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்று 2013 கம்பெனிகள் சட்டம் ஏற்கெனவே சொல்கிறது. அந்தச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் விளையாட்டுப் பயிற்சியும் இருக்கிறது. பல கம்பெனிகளின் சிறு பங்கு ஒரே இடத்தில் சேர்ந்தால் யாருக்கும் வலிக்காது.

கிரிக்கெட்டுக்குக் கொடுக்கலாமே என்றும் கேட்பீர்கள். கிரிக்கெட்டுக்குக் கொடுக்க நாடு முழுக்க ஆள் இருக்கிறது. உள்ளரங்க ஹாக்கியில் இந்தியாவின் இடம் காலியாகக் கிடக்கிறது. முதலில் வருகிற ஊருக்கு அந்தப் பெயர்.

இன்னொன்றை நிபந்தனையாகவே வைக்கிறேன். நான் பேசிவந்த கோப்பை ஆண்களுடையது. ஆனால் உங்கள் ஷூ கம்பெனிகளில் லைனில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறி, பொழுது சாய்ந்து இறங்கும் அந்தப் பெண்களின் மகள்களுக்கும் இந்தக் கிளப்பில் முதல் நாளிலிருந்தே சமமான நேரம் ஒதுக்க வேண்டும். நான்கு பக்கமும் சுவரும், நல்ல விளக்கும், தனிக் கழிப்பறையும், பெண் பயிற்சியாளரும் இருக்கும் கூடத்துக்கு மகளை அனுப்பத் தயங்காத தாய்மார்கள் நம் ஊரில் நிறைய இருக்கிறார்கள். திறந்த மைதானத்தால் முடியாததை இந்த ஆட்டம் இங்கே செய்துகாட்டும்.

எப்படித் தொடங்கலாம் என்பதற்கு என் யோசனைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதல் ஆண்டில் கட்டடம் வேண்டாம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பொருத்தமான தரையுள்ள கூடங்களைக் கண்டறியுங்கள். கூடத்துக்கு ஒரு ஜோடி மரக்கட்டைத் தொகுதி, கோல்கீப்பர் கவசம், உள்ளரங்க மட்டைகள் வாங்கிக் கொடுங்கள். உள்ளரங்க மட்டை மெலிந்தது, எடை குறைந்தது. சிறுவர் கைக்கு ஏற்றது. உடற்கல்வி ஆசிரியர்களுக்கு விதிகளிலும் பயிற்சி முறையிலும் முகாம் நடத்துங்கள். இதெல்லாம் தமிழ்நாடு ஹாக்கி அமைப்பின் அறிவோடும் ஒப்புதலோடும் நடக்கட்டும்.

இரண்டாவதாக, கம்பெனிகளுக்கு இடையே லீக் தொடங்குங்கள். வாரம் ஒரு நாள் மாலை, ஷிப்ட் முடிந்த பிறகு. ஓவர்டைமைக் காட்டி ஆட்டக்காரனைத் தடுக்காதீர்கள். நன்றாக ஆடும் பையனுக்கு வேலையும், போட்டிக்குப் போகச் சம்பளத்தோடு விடுப்பும் கொடுங்கள். அரசுத் துறைகள் ஒருகாலத்தில் செய்ததை நீங்கள் செய்தால், பிளஸ் டூவோடு மட்டை கீழே போகாது.

மூன்றாவதாக, கிளப்பைப் பதிவு செய்யுங்கள். எந்தக் கம்பெனியின் பெயரும் அதற்கு வேண்டாம். ஊர்ப் பெயர் இருக்கட்டும். பணம் கொடுப்பவர்கள் நிர்வாகக் குழுவில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. பெற்றோர், பழைய ஆட்டக்காரர்கள், ஆசிரியர்கள், தொழிலாளர்கள் மீதி இடத்தில் உட்காரட்டும். சந்தா சிறியதாக இருந்தாலும் எல்லோரும் கட்டட்டும். நாளைக்கு ஒரு கம்பெனி நொடித்தாலும், ஒரு குடும்பம் பிரிந்தாலும் கிளப் நிற்கும். ஐரோப்பிய கிளப்புகள் தலைமுறை தாண்டி நிற்பதற்கு அடிப்படை இதுதான். கணக்கை ஆண்டுக்கு ஒருமுறை ஊர் முன்னால் வையுங்கள்.

நான்காவதாக அரங்கம். நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில், ஆம்பூருக்கும் வேலூருக்கும் இடையே, பஸ் நிற்கும் இடமாகப் பாருங்கள். காற்றோட்டமுள்ள உயரமான கூரை, அதிர்ச்சி தாங்கும் மரத் தரை, ஆயிரம் பேர் உட்காரும் படிக்கட்டு. ஆடம்பரம் வேண்டாம். ஹாக்கி இல்லாத நேரத்தில் ஹேண்ட்பாலும் வாலிபாலும் பாட்மிண்டனும் ஆடட்டும். மழைநீர் அறுவடையைக் கூரையோடு சேர்த்தே திட்டமிடுங்கள்.

இந்த நான்கும் நடந்த பிறகுதான் சர்வதேசப் போட்டி. ஹாக்கி இந்தியா, சர்வதேச ஹாக்கி சம்மேளனம் இரண்டின் அனுமதியும் பெற்று, ஒரு பிப்ரவரி மாத வார இறுதியில் எட்டு கிளப்புகளை அழையுங்கள். ஈரானில் இருந்து ஒன்று, மலேசியாவில் இருந்து ஒன்று, ஜெர்மனி, ஆஸ்திரியாவில் இருந்து இரண்டு வரட்டும். மீதி நான்கும் இந்திய கிளப்புகளாக இருக்கட்டும். பிப்ரவரியில் வேலூர் வெயில் இன்னும் முற்றியிருக்காது. ஆனால் அது ஐரோப்பிய உள்ளரங்கப் பருவத்தின் உச்சம் என்பதால் தேதியை அவர்களோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். அதே மூன்று நாளில் பெண்கள் போட்டியும் நடக்கட்டும். முதல் ஆண்டு நம் அணி எல்லா ஆட்டத்திலும் தோற்கலாம். தோற்கட்டும். வியன்னாக்காரன் கட்டையில் பந்தை எப்படித் தட்டித் திருப்புகிறான் என்பதைப் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்த சோலூர்ப் பையனும் மின்னூர்ப் பெண்ணும் மறுநாள் காலையிலேயே அதைச் செய்து பார்ப்பார்கள்.

பெரியோர்களே, அடுத்த முறை உங்கள் சங்கக் கூட்டம் கூடும்போது இந்த ஒரே பொருளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். மூன்று பேர் கொண்ட குழு ஒன்றை அமையுங்கள். 80 மீட்டர் மரக்கட்டைக்கு விலை கேளுங்கள். ஹேண்ட்பால் களம் உள்ள கூடம் எது என்று உங்கள் கல்லூரிகளிலேயே விசாரியுங்கள். இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் நம் வட்டாரத்தில் முதல் உள்ளரங்க ஹாக்கி ஆட்டம் நடக்க வேண்டும். அதற்கு உழைக்க நானும், என்னைப் போன்ற பல பழைய ஆட்டக்காரர்களும் ஆசிரியர்களும் காத்திருக்கிறோம். கூப்பிடுங்கள், வருகிறோம்.

அன்புடன்,
வேலூர் வட்டார ஹாக்கி ஆர்வலர் ஒருவர்